எண்ணாமல் விட்ட ஆணிகள்

1. ஆணிக் கணக்கு

சுகாதார இலாகாவில் உதவியாளனாகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு நல்ல பெயர் கிடைத்துவிட்டது. அந்த நல்ல பெயர்தான் பிறகு என் காலை வாரிவிட்டது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. சிராங்கூன் ரோட்டின் இருபுறச் சந்துகளிலும் கடைவீடுகள் பிதுங்கி வழிந்தன. கீழே கடை, மேலே பலகை தடுத்த அறைகள். ஒரு வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஜன்னல், ஏர்வெல் திறந்திருக்கிறதா என்று பார்த்து, பாரம் என்று நாங்கள் சொல்லும் அச்சுப் படிவத்தை நிரப்புவது எங்கள் வேலை. ஏர்வெல் என்பது வீட்டின் நடுவில் வானம் தெரிய விட்டிருக்கும் சதுரம். பக்கச் சுவர்கள் இரண்டும் அடுத்த வீட்டோடு ஒட்டியவை என்பதால் அடுப்புப் புகைக்கு அதுதான் வழி.

ஆட்களை எண்ணுவதுதான் பெரும்பாடு. நாங்கள் முன்வாசலில் நுழைந்தால் பாதிப் பேர் பின்வாசலில் இறங்கிவிடுவார்கள். பாயை எண்ணியும் பயனில்லை. பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரன் வந்து படுப்பான். அன்று ஒரு வீட்டில் எட்டுப் பேர்தான் என்று சாதித்தார்கள். என் மேலதிகாரி ஆரோக்கியசாமி சார் மலாக்காவில் பிறந்து வளர்ந்தவர், நிதானமான மனிதர். அவர் பேனாவை மூடப் போனபோது நான் சுவரைக் காட்டினேன்.

“ஆணிய எண்ணுங்க சார்.”

பாயைப் பங்கு போடுவார்கள், ஆணியைப் பங்கு போடமாட்டார்கள். கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொருவனுக்கும் சட்டை மாட்ட ஓர் ஆணி உண்டு. அடுத்தவன் ஆணியில் துண்டைத் தொங்கவிட்டால் சண்டை வரும். நானும் அப்படிப்பட்ட வீட்டில் இருந்தவன் என்பதால் எனக்கு இது தெரியும். அந்த வீட்டுச் சுவரில் இருபத்தாறு ஆணிகள் இருந்தன. அன்று முதல் இலாகாவில் எல்லோரும் ஆணி எண்ண ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

2. கருப்பையா அண்ணன் போட்ட தளம்

நான் குடியிருந்தது எருமை ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. வீட்டில் எல்லோரும் என்னை “இன்ஸ்பெக்டரே” என்றுதான் கூப்பிடுவார்கள். நான் இன்ஸ்பெக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டேன். அரசாங்க வேலைக்காரன் என்ற மரியாதையில் முன்பக்கத்து ஜன்னலோரத் தடுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள். நானும் கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டேன். அந்த வட்டாரத்தில் மாட்டுக் கொட்டகை நாற்றம், மாவு மில் தூசி, ஆற்றுப் பக்கத்து ரப்பர் புகை எல்லாம் உண்டு. ஆனாலும் ஜன்னலோரம் காற்று வரும்.

கீழே காதர் பாயின் சாப்பாட்டுக் கடை. நாகூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். ஏர்வெல்லுக்கு நேர் கீழே மூன்று கரி அடுப்புகளை வைத்துத் தனியாளாகச் சமைப்பார்.

எங்கள் மாடியில் கருப்பையா அண்ணன் என்று ஒருவர். செம்பவாங் கப்பல் பட்டறையில் தளப்பலகை இடுக்குகளில் நாரைத் திணித்து, தார் போன்ற கீல் ஊற்றி அடைப்பது அவர் வேலை. மனைவியையும் மகளையும் பார்த்து ஆறு வருடம். பிள்ளையைக் கைக்குழந்தையாக விட்டு வந்தவர். அவர்கள் அடுத்த மாதக் கப்பலில் வருவதாகக் கடிதம் வந்தது. அண்ணன் ஊரெல்லாம் அறை தேடினார், குடும்பத்துக்கு இடம் கிடைக்கவில்லை. எங்கள் மாடியிலும் இடுக்கு இல்லை. மிச்சம் இருந்த ஒரே காலி இடம் ஏர்வெல்லின் வெற்றுவெளி.

அதன் மேல் அவர் தளம் போட்டார். மற்ற வீடுகளிலும் இப்படி மூடியிருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கெல்லாம் பலகைக்குப் பலகை விரல் நுழையும் இடைவெளி இருக்கும், புகை எப்படியோ கசிந்துவிடும். அண்ணன் கப்பல்காரர் ஆயிற்றே. ஒவ்வோர் இடுக்கிலும் நார் திணித்து, கீல் ஊற்றி, தட்டிப் பார்த்து, கப்பல் தளம் மாதிரியே முடித்துவிட்டார். மேலே தகரக் கூரையும் போட்டார்.

“பிள்ள படுக்கிற எடம் இன்ஸ்பெக்டரே. ஒரு இழ புகை மேல ஏறாது, பாத்துக்குங்க.”

நான் பார்த்தேன். எனக்குத் தெரியும், அது சட்டப்படி கூடாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வாரமே எங்கள் தெருவின் முறை வந்தது. உங்கள் வீட்டுக்கு நாங்கள் எதற்கு, நீங்களே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று ஆரோக்கியசாமி சார் பாரத்தை என் மேசையில் வைத்தார். நான் வீட்டுக்குப் போகவே இல்லை. மேசையில் உட்கார்ந்தபடி எழுதினேன். குடியிருப்போர் பதினான்கு. ஏர்வெல் திறந்துள்ளது. காற்றோட்டம் போதுமானது.

காதர் பாய் இரண்டு தடவை என்னிடம் தலைசுற்றுவதாகச் சொன்னார். அண்ணன் குடும்பம் வந்து சேரட்டும், வேறு இடம் பார்த்துவிடுவார், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு அடுப்புக்குப் போனார்.

3. மழை நாள்

கப்பல் வர ஒன்பது நாள் இருந்தது. காலையிலிருந்து விடாத மழை. சாரல் அடித்ததால் காதர் பாய் பின்கதவைச் சாத்திவிட்டு மூன்று அடுப்பையும் மூட்டியிருக்கிறார். பத்து மணி வாக்கில் சாப்பிட வந்த ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தபோது அவர் அடுப்படியில் விழுந்து கிடந்தார். நெருப்பு எதுவும் பிடிக்கவில்லை, காயமும் இல்லை. கரிப் புகை போக வழியில்லாமல் ஆளை மயக்கிவிட்டது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

செய்தி இலாகாவுக்கு வந்ததும் நானும் ஆரோக்கியசாமி சாரும் போனோம். அவர் அடுப்படியில் நின்று அண்ணாந்து பார்த்தார். வானம் தெரிய வேண்டிய இடத்தில் கீல் பூசிய பலகை. பிறகு மாடி ஏறினார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சுவரோரமாக நடந்து ஒவ்வோர் ஆணியையும் விரலால் தொட்டு எண்ணினார். நான் சொல்லிக் கொடுத்த வித்தை. முப்பத்தொன்று வந்தது.

பையிலிருந்து என் பாரத்தை எடுத்து நீட்டினார்.

“இது நீங்க எழுதினதா, சுந்தரம்?”

“ஆமா சார்.”

“அந்த ஆளு பொழச்சா புதுசா ஒண்ணு எழுதுங்க. பொழைக்கலன்னா இதையே நான் மேல அனுப்பணும்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்றாம் நாள்தான் காதர் பாய் தெளிவாகப் பேசினார். நான் கட்டிலருகே நின்று, தவறு என்னுடையது, ஏர்வெல் திறந்திருப்பதாக நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்றேன். அவர் கோபப்படவில்லை.

“நீங்க ஜன்னலோரம் படுக்கிற ஆளு தம்பி. ஒங்களுக்குக் காத்து வந்துச்சு, வருதுன்னு எழுதுனீங்க. நான் அடுப்படியில கெடக்கிற ஆளு லா. எழுதுறதுக்கு முன்னாடி என்னையக் கேட்டிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன்.”



4.

அன்று சாயங்காலம் கருப்பையா அண்ணனும் நானும் தளத்தைப் பிரித்தோம். அவ்வளவு நன்றாக அடைத்திருந்ததால் பலகை லேசில் பெயரவில்லை. “வேலைய ஒழுங்காத்தானே செஞ்சேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசிப் பலகை கழன்று கீழே அடுப்படியில் வெளிச்சம் விழுந்தபோது உட்கார்ந்து அழுதுவிட்டார். பாய்க்காக அழுதாரா, மகளுக்காகவா, நான் கேட்கவில்லை.

புதுப் பாரத்தில் முப்பத்தொன்று என்று எழுதினேன், என் ஆணியையும் சேர்த்து. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அது நியாயம். அதோடு, அனுமதித்த அளவுக்கு மேல் இருந்த ஒன்பது பேர் அந்த வீட்டை விட்டு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. அதில் இரண்டு பேர் அதற்குப் பிறகு வழியில் கண்டாலும் என்னோடு பேசவில்லை. சரியாக எழுதினால் எல்லோரும் வாழ்த்துவார்கள் என்று இலாகாவில் சேரும் இளைய சகோதரர்கள் நினைத்துவிடக் கூடாது.

கப்பல் வந்த அன்று ஜன்னலோரத் தடுப்பை அண்ணன் குடும்பத்துக்குக் காலி செய்து கொடுத்தேன். அண்ணி அதற்கு ஒரு சேலையைத் திரையாகக் கட்டினார். நான் என் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம், ஏர்வெல் ஓரத்துக்குப் போனேன். மறுவாரம் காதர் பாய் திரும்பி வந்து அடுப்பு மூட்டினார். புகை என் முகத்தைத் தடவிக்கொண்டு மேலே போயிற்று. கண் எரிந்தது, ஆனால் அது போவது தெரிந்ததால் நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு இருபத்தேழு வருடம் சர்வீஸ். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சமைக்கிறவர் உட்காரும் இடத்தைக் கேட்டு, பத்து நிமிடம் அங்கே உட்கார்ந்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். இன்ஸ்பெக்டருக்குப் பசி போலிருக்கிறது என்று சிரிப்பார்கள், சில வீட்டில் தட்டே வைத்துவிடுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். காற்று வருகிறதா என்ற கேள்விக்கு ஜன்னலோரத்தில் இருந்துகொண்டு பதில் எழுதாதீர்கள்.