மேடேறிய தண்ணீர்

சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இஞ்சின் ஃபிட்டராக இருந்த பரஞ்சோதி, கொடுத்த வாக்கு ஒன்றை ஒன்றரை வருஷமாக மறந்திருந்தான். மறந்திருந்தான் என்பதுகூடச் சரியில்லை. நினைவு வரும்போதெல்லாம் வேறு ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

வாக்கு வாங்கியவர் மிஸ்ஸியம்மா. சுங்கைப் பட்டாணியில் மிஷன் பள்ளிக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை நடத்திய வெள்ளைக்காரப் பெண்மணி. பைபிள் ஒரு கையில், ஸ்பானர் ஒரு கையில் என்று ஊர் கேலி பேசும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குழாய் வேலையும் கொல்லன் வேலையும் சொல்லிக்கொடுத்தார். ரப்பர் மரத்தில் பால் சீவிக்கொண்டிருந்த பரஞ்சோதி அங்கேதான் ஃபிட்டரானான். வேத வசனத்தைவிட வால்வுகளைத்தான் அவன் சீக்கிரம் மனப்பாடம் செய்தான்.

அந்தப் பட்டறையில் அவர் கற்றுக்கொடுத்த பொருள்களில் அவனுக்கு மிகவும் பிடித்தது ராம் பம்பு. எண்ணெய் வேண்டாம், கரி வேண்டாம், ஆளும் வேண்டாம். சரிவில் குழாய் வழியே இறங்கி வரும் ஓடைத் தண்ணீர் ஒரு வால்வை அறைந்து மூடும். போக இடமில்லாத தண்ணீர் முட்டிக்கொண்டு கொஞ்சம் மேலே ஏறும். வால்வு மறுபடி விழும், மறுபடி அறைபடும். டக், டக் என்று இரவும் பகலும் தானே அடித்துக்கொண்டு கிடக்கும். பாலிங் மலையடியில் வாழும் கென்சியூ என்ற காட்டு மக்களுக்கு இதைப் பொருத்திக் கொடுத்து, அவர்களில் சிலரைப் பழக்கிவிட வேண்டும் என்பது மிஸ்ஸியம்மாவின் ஆசை. அதற்கான இரும்புக் குழாய்களைக்கூட லாரியில் முன்னதாக அனுப்பி வைத்திருந்தார். அதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். அவரைப் பிடித்துப் போன அன்று, லாரியில் ஏறுவதற்கு முன் பரஞ்சோதியைத் தேடிக் கண்டு, "பாலிங் வேலையை நீ முடித்துவிடு" என்று சொன்னார். அவனும் தலையாட்டினான்.

அதற்குப் பிறகு அரிசி போயிற்று, துணி போயிற்று, டீசல் போயிற்று. இஞ்சின் நின்றது. மேட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. இஞ்சின் இல்லாத ஃபிட்டர் யாருக்கு வேண்டும்? 1943 மே மாதம், சயாமில் ரயில் பாதை போட ஆள் அனுப்பும் பட்டியலில் அவன் பெயர் இருப்பதாக ஸ்டோர்காரன் காதோடு காதாகச் சொன்னான். சனிக்கிழமை லாரி.

அன்றைக்குத்தான் பரஞ்சோதிக்கு மிஸ்ஸியம்மாவின் வாக்கு நெஞ்சில் குத்தியது.

பட்டறையிலிருந்து எடுத்துவந்து வீட்டு மூலையில் போட்டிருந்த ராம் பம்பைக் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தவனை அவன் மனைவி குணவதி கதவோரம் நின்று பார்த்தாள்.

"இத்தன நாளா இல்லாத பாலிங் இன்னிக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"மிஸ்ஸியம்மாகிட்ட வாக்குக் குடுத்தேன்ல."

"குடுத்தீங்க. குடுத்து எத்தன மாசமாச்சு?"

அவன் முடிச்சை இறுக்கினான். குணவதி அவித்த மரவள்ளிக் கிழங்கை வாழை இலையில் பொட்டலம் கட்டி சைக்கிளில் தொங்கவிட்டாள். "போயிட்டு வாங்க" என்றாள். டயருக்குள் பழைய ரப்பர் குழாயைத் திணித்த அந்த சைக்கிளை, ஏறி ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம். கோல கெட்டில் தாண்டி பாலிங் போய்ச் சேர மூன்று நாள் ஆயிற்று. வழியில் லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சைக்கிளோடு லாலாங் புல்லுக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டான். புல்லுக்குள் கிடந்தபடியே, "இது ஊழியந்தானே ஆண்டவரே?" என்று கேட்டுப் பார்த்தான்.

கென்சியூக்களைப் பற்றித் தோட்டத்தில் ஆயிரம் கதை சொல்வார்கள், ஒருவரும் பார்த்ததில்லை. மேட்டின் மேல் பத்துப் பன்னிரண்டு சாய்ப்புக் குடில்கள் இருந்தன. சுருட்டை முடி, கறுத்த மேனி, நிமிர்ந்த பார்வை. மலாய் எல்லோருக்கும் தெரியும். ரம்பாய் என்ற பெண்தான் முதலில் பேசினாள். ரம்பாய்ப் பழ மரத்தடியில் பிறந்ததால் அந்தப் பெயராம். முப்பது வயதிருக்கும். அவள் புருஷன் தெபு அதிகம் பேசாதவன்.

"அந்த வெள்ளைக்காரம்மா அனுப்பின ஆளா? குழாயெல்லாம் அங்க கெடக்கு. பாம்பு குடி வந்துடுச்சு."

"இனிமே நீங்க தண்ணி சுமக்க வேணாம். தண்ணி தானா மேல வரும்."

"அப்படியா? யார் கேட்டாங்க?" என்றாள் ரம்பாய். கோபமில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இதை மிஸ்ஸியம்மாவும் கேட்டதில்லை, அவனும் கேட்டதில்லை.

ஆனாலும் வேலை தொடங்கிற்று. அவனுக்குக் கை ஓய்ந்தால் சயாம் லாரி கண்ணுக்குள் வந்து நிற்கும். ஆகவே விடியும் முன்பே ஓடையில் இறங்கிவிடுவான். வால்வின் தோல் மட்கிப் போயிருந்தது. தோட்டத்திலிருந்து கொண்டுவந்திருந்த கித்தாவை, அதாவது ரப்பர் துண்டை, வட்டமாக வெட்டிப் போட்டான். முதல் நாள் பம்பு நாலு அடி அடித்து நின்றது. மறுநாள் நாற்பது. ரம்பாய் தினமும் பாறை மேல் குந்தி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். பத்தாம் நாள் அவளே தண்ணீரில் இறங்கி, வால்வுத் தண்டில் மாட்டியிருந்த இரும்பு வளையங்களில் ஒன்றைக் கழற்றினாள். அடி சீரானது.

"எப்படித் தெரிஞ்சுது?"

"மூச்சு வாங்குச்சு. பாரம் சாஸ்தி."

அதற்குப் பிறகு அவன் கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டு அவளைச் செய்யவிட்டான். பம்பின் தலையில் இருக்கும் காற்றறையில் தண்ணீர் நிரம்பிவிட்டால் சத்தம் கூராகும் என்பதை அவன் சொல்வதற்கு முன்பே, "வயித்துல காத்து இல்ல" என்றாள். கழற்றுவாள், சேற்றைத் துடைப்பாள், மாட்டுவாள். தெபுவும் இன்னும் இரண்டு பேரும் குழாய் இணைக்கப் பழகினார்கள். ஜூலையில் ஒரு நாள் நாற்பதடி மேலே மூங்கில் தொட்டிக்குள் தண்ணீர் விரல் தடிமனில் விழுந்தது. பிள்ளைகள் தலையைக் கொடுத்துக் கூத்தாடினார்கள். பெரியவர்கள், வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிரம்பும் குங்கிலியமும் வாங்க சுங்கைப் பட்டாணியிலிருந்து நடராஜா என்ற வியாபாரி வருவார். ஆகஸ்டில் வந்தவர் பரஞ்சோதியைக் கண்டதும் குடையை மடக்கினார்.

"நீ இங்கயா இருக்க தம்பி? ஒன் மச்சான் அய்யாவு சயாமுக்குப் போய் மூணு மாசமாச்சு."

"அய்யாவுவா? அவன் பேரு லிஸ்டுல இல்லியே!"

"ஒன் பேரு இருந்துச்சு. நீ இல்ல. தலைய எண்ணிப் பாக்குறவனுக்கு எந்தத் தலையா இருந்தா என்ன லா? ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி ஒன் வீட்டுப் பக்கமே கைய நீட்டிட்டான்."

அய்யாவு குணவதியின் தம்பி. இருபத்தாறு வயது. பாப்பம்மாவைக் கட்டி இரண்டு வருஷம் ஆகவில்லை. பரஞ்சோதி அன்று சாப்பிடவில்லை. மறுநாள் சைக்கிளை எடுத்தான், ஓடை வரை தள்ளினான், திரும்பக் கொண்டுவந்து வைத்தான். இப்படி மூன்று தடவை. பிறகு, தேவையே இல்லாத ஓர் இரண்டாவது தொட்டிக்குக் குழி வெட்ட ஆரம்பித்தான். கை கொப்புளித்து உடைந்தும் நிறுத்தவில்லை. ஜெபிக்க மண்டியிட்டால் வாயில் வசனம் வராது, அய்யாவுவின் பெயர்தான் வரும். தெபு ஒரு நாள் வந்து மண்வெட்டியை வாங்கி வைத்துவிட்டுப் போனான். அவன் போனதும் பரஞ்சோதி அதை மறுபடி எடுத்தான்.

செப்டம்பர் கடைசியில் தெபுவின் அண்ணன் காய்ச்சலில் செத்துப்போனான். கொயினா மருந்து எங்கும் கிடைக்காத காலம். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் பரஞ்சோதி பார்த்தபோது பெண்கள் கூடைகளை முதுகில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க போறீங்க?"

"சாவு விழுந்த இடத்துல நாங்க இருக்கமாட்டோம்" என்றாள் ரம்பாய்.

"அப்ப தண்ணி? நாலு மாசம் ஒழைச்சேனே!"

"போற எடத்துலயும் தண்ணி இருக்கு."

அவன் கத்தினான். மிஸ்ஸியம்மாவைச் சொல்லிக் கத்தினான், கடவுளைச் சொல்லிக் கத்தினான். அவர்கள் வழக்கப்படி சத்தம் போடுகிறவனைப் பார்ப்பது மரியாதையல்ல. தலையைக் குனிந்தபடி வரிசையாகக் காட்டுக்குள் போய்விட்டார்கள்.

நான்கு நாள் தனியாகக் கிடந்தான். கீழே ஓடையில் டக், டக். மேலே யாரும் குடிக்காத தண்ணீர் வழிந்து சரிவெல்லாம் சேறானது. சத்தத்தைக் காதில் வாங்காமலிருக்கக் காதைப் பொத்தினால் அதே சத்தம் மார்புக்குள் கேட்டது. ஐந்தாம் நாள் அது சட்டென்று நின்றது. எழுந்து ஓடினான். ரம்பாய் முழங்கால் தண்ணீரில் நின்று வால்வைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். தெபு கரையில் இருந்தான்.

"ரெண்டு மலைக்கு அப்பால வரைக்கும் கேக்குது. ஆளில்லாத எடத்துல இது எதுக்குக் கத்தணும்?" என்றாள்.

அந்த அமைதியில் பரஞ்சோதி உடைந்துபோனான். அதுவரை குணவதியிடம்கூடச் சொல்லாததைச் சொன்னான். வாக்குக்காக வரவில்லை, பயந்து வந்தேன். எனக்குப் பதிலாக ஒருவன் போயிருக்கிறான். ரம்பாய் முழுவதையும் கேட்டாள்.

"ஒங்க ஊர்ல தண்ணி மேல ஏறுதா?"

"இல்ல. டீசல் இல்ல. எல்லாரும் கால்வாய்த் தண்ணியத்தான் குடிக்கிறாங்க."

"அப்ப கழட்டு."

மூவருமாக மூங்கில் தெப்பம் கட்டி, கெட்டில் ஆற்றில் குழாய்களைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். கோல கெட்டிலிலிருந்து கரைவழியே தோள் மாற்றிச் சுமந்தார்கள். பாதி வழியில் திரும்பிவிடுவார்கள் என்றுதான் பரஞ்சோதி நினைத்தான். ரம்பாய் திரும்பவில்லை. புது ஓடையில் பம்பு எப்படிச் சத்தம் போடும் என்று கேட்காமல் போகமாட்டாளாம்.

தோட்டத்துக்கு வந்தபோது அக்டோபர் கடைசி. கெடா மாநிலத்தையே ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்திருந்தான். ஆபீஸில் கொடி மாறியிருந்தது. கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வயிற்றுப்போக்கு பரவி, அந்த மாதம் மட்டும் ஏழு பேர் போயிருந்தார்கள். குணவதி பாதியாக இளைத்திருந்தாள். அவனைக் கண்டதும் அழுதாள், பிறகு, "நேரா பாப்பம்மா வீட்டுக்குப் போங்க" என்றாள். பாப்பம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவனை ஒரு தடவை பார்த்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் கிராணி ஆள் அனுப்பிவிட்டார். ஓடிப்போனவன் என்று எழுதி, போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். புதுக் கொடிக்காரர்களுக்குப் பழைய பட்டியலில் அக்கறையில்லை. மூன்றாம் நாள் காலையில், "போ" என்றார்கள். அடி வாங்கியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும். வெறுமனே விட்டுவிட்டார்களே என்று நினைத்தபடி நடந்தான்.

லயத்துப் பின்பக்க ஓடையை நெருங்கும்போதே கேட்டது. டக், டக்.

ரம்பாய் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். லயத்துப் பெண்கள் வரிசையில் நின்று கல் கைமாற்றி அணை கட்டியிருந்தார்கள். சந்தை மலாயில் அவள் ஏதோ சொல்ல, குணவதி வளையத்தை எடுத்துக் கொடுத்தாள். மேட்டுத் தொட்டியின் அடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பரஞ்சோதி இறங்கிப் போய் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். இறுக்க வேண்டியது ஒன்றுமில்லை.

"சரியா இருக்கா?" என்றாள் ரம்பாய்.

"நானும் இப்படித்தான் போட்டிருப்பேன்."

"நீ போட்டதவிட மெதுவா அடிக்குது. இதுதான் நல்லது."

ரம்பாயும் தெபுவும் ஒரு வாரம் இருந்தார்கள். குணவதிக்கும் இன்னும் மூன்று பெண்களுக்கும் ரம்பாய் கழற்றவும் மாட்டவும் காட்டிக்கொடுத்தாள். ஒரு மூங்கில் குழாய் நிறைய உப்பு வாங்கிக்கொண்டு ஒரு விடியற்காலையில் கிளம்பிப் போனார்கள். பரஞ்சோதி அதற்குப் பிறகு அவர்களைப் பார்க்கவேயில்லை.

போர் முடிந்ததும் சயாமிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். பரஞ்சோதி வேலையை விட்டுவிட்டு சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனே கதியாகக் கிடந்தான். ரயிலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு எலும்புக்கூட்டிடமும், "அய்யாவு, கழுத்துல மச்சம் இருக்கும், பாத்தியா?" என்று கேட்பான். ஒரு வண்டி போனால் அடுத்த வண்டி. அலோர் ஸ்டார் வரைக்கும் போய்க் கேட்டான். மிஷனிலிருந்து புதிதாக வந்த பாதிரி ஐயர் ஒரு நாள் அவனை ஸ்டேஷனிலேயே பிடித்து, பாலிங்கில் எத்தனை பேர் விசுவாசிகளானார்கள் என்று நோட்டுப் புத்தகத்தோடு கேட்டார். "ஒரு பொம்பள நல்லா ஃபிட்டரானாங்க" என்றான். மிஸ்ஸியம்மா சிறையில் இறந்துவிட்டதை அந்த ஐயர்தான் அவனிடம் சொன்னார்.

அய்யாவுவைத் தெரிந்த ஆள் நாற்பத்தாறு மார்ச்சில் கிடைத்தான். மழைக்காலத்தில் காலராவாம். போன இரண்டாவது மாதமே முடிந்துவிட்டதாம். பரஞ்சோதி மேட்டில் மண்வெட்டி பிடித்துக் குழி வெட்டிக்கொண்டிருந்த நாள்களில் அய்யாவு உயிரோடு இல்லை.

அன்று சாயங்காலம் பாப்பம்மாவின் வாசலில் நின்று சொன்னான். நடுவில் நிறுத்தாமல் சொன்னான், பட்டியலில் தன் பெயர் இருந்ததையும் சேர்த்து. அவள் சுவரைப் பார்த்தபடி கேட்டாள். பிறகு, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவனிடம் பேசினாள்.

"மண்ணு போட்டாங்களா?"

"சேர்த்துப் போட்டு எரிச்சிட்டாங்களாம்."

அவள் தலைத் துணியை இழுத்துவிட்டாள். உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள்.

"இந்தக் கோடியில நாலு நாளா தண்ணி சொட்டுதான் வருது. குணவதி அண்ணி கித்தா போயிடுச்சுன்னு சொல்றாங்க. அவங்களால தனியாத் தூக்க முடியல."

"இப்பவே பாக்கறேன்" என்றான் பரஞ்சோதி. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடைப் பக்கம் இறங்கினான்.