மருந்துக்கடை நோட்டில் என் பேர்

எங்கள் வீட்டில் அய்யாவும் நானும் மட்டும்தான். அம்மா நான் தவழும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு ஒன்பது வயசிருக்கும். பூண்டு பிடுங்குகிற சமயத்தில் அய்யா நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டார். முந்தின வருசமும் இப்படித்தான் வந்தது. கொடைக்கானல் மருந்துக்கடை பாய் ஒன்றும் கேட்காமல் ஒரு பாட்டில் கொடுத்தார், அதைக் குடித்து அய்யா எழுந்துவிட்டார்.

அந்தக் காலிப் பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டு, பூண்டு மூட்டை ஏற்றிய குதிரைகளுக்குப் பின்னாலேயே எங்கள் ஊர் பூண்டியிலிருந்து நடந்தேன். வெள்ளனே கிளம்பியவள் கடைக்குப் போகையில் பொழுது சாய்ந்திருந்தது.

பாய் பாட்டிலை முகர்ந்து பார்த்துத் திருப்பி வைத்தார்.

"மருந்து இருக்கு தாயி. டாக்டர் சீட்டு இல்லாம இப்ப யாருக்கும் தர்றதில்லே."

"போன வருசம் குடுத்தீங்கல்ல?"

"குடுத்தேன். அப்புறம் மன்னவனூர்க்காரர் ஒருத்தருக்கும் அப்படித்தான் குடுத்தேன். அவர் செத்தது நோவாலயா மருந்தாலயா, ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஊரே வந்து என் கடை வாசல்ல நின்னுச்சு."

டாக்டர் மலையிறங்கிப் போயிருந்தார். வர ரெண்டு நாளாகுமாம்.

"அய்யாவைத் தூக்கிட்டு வந்துருங்க. டாக்டர் வர்ற வரைக்கும் ஆஸ்பத்திரியில வச்சுப் பாப்பாங்க."

"தூக்க யாரு இருக்கா?"

அவர் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். நான் அழவில்லை. அழுது வாங்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. நகரவும் இல்லை, நின்றுகொண்டே இருந்தேன். பாய் ஒரு நீள நோட்டை எடுத்து எழுதி, எனக்கும் படித்துக் காட்டினார்.

"பூண்டிப் பிள்ளை. சீட்டு இல்லை. மருந்து தரவில்லை. சரிதானே? இதுக்குக் கீழே கைநாட்டு வை."

"எனக்குப் பேரெழுதத் தெரியும்."

"அட, கலெக்டரம்மாவா நீங்க?"

பள்ளிக்கூடத்தில் ரெண்டு வருசம் இருந்து நான் கொண்டுவந்தது அது ஒன்றுதான். நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக எழுதினேன். மேலே இருந்ததெல்லாம் பெருவிரல் மசி. எழுத்து என்னுடையது மட்டும்தான்.

மறுநாள் குதிரைகளோடு வீடு திரும்பியதும் அய்யா என் மடியைத்தான் பார்த்தார். பாட்டில் காலியாகவே இருந்தது. "கடை நோட்டுல என் பேரை நானே எழுதினேன்யா" என்றேன்.

"கோணாம எழுதினியா ஆத்தா?"

"கோணலேய்யா."

அவர் முகம் அப்படி மலர்ந்தது. அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஆள் தேடி அதற்கு மறுநாள் வீடு வீடாகப் போனேன். எல்லோரும் பூண்டுக்காட்டில் இருந்தார்கள். நான் திரும்பி வருவதற்குள் அய்யா போய்விட்டார்.

எதுக்கு எழுதச் சொன்னார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.