மீசை வைத்த புத்தர்

ஏகாம்பரம் போய்விட்டார் என்று அவர் மனைவி போனில் சொன்னபோது, லாரி புக்கிங் ஆபீஸில் எனக்கு எதிரே கிடந்த அவருடைய நாற்காலியைத்தான் பார்த்தேன். தாம்பரத்தில் அவரோடு டீ குடித்தவர்களுக்கெல்லாம் அவருடைய புத்தர் கதை தெரியும். தெரிந்து என்ன பயன்? மனிதர் அதிலேயே கரைந்துபோனார்.

மேடவாக்கம் ஏரிக்கரையில் ஒரு கல் முனி உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர்கள் கரியால் மீசை வரைந்து, ஆடி மாதம் சேவல் அறுப்பார்கள். பௌத்தம் தழுவிய புதிதில் ஏகாம்பரம் என்னை அங்கே இழுத்துப் போனார். நீண்ட காது, மூடிய கண், மடியில் கை. "இது புத்தர்யா! காஞ்சிபுரத்துல இருந்து கடலுக்குப் போன பிக்குங்க இங்க தங்கியிருப்பாங்க" என்றார். அந்த யூகம் மறுவாரமே வரலாறாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு சீயக்காய் போட்டு மீசையைத் தேய்த்துக் கழுவினார். "இவரு ரத்தம் கேக்கிற சாமி இல்ல. முனியே இல்ல" என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். பேச்சில் கெட்டிக்காரர், நம்பிவிட்டார்கள். பூ விற்கும் கன்னியம்மா மட்டும், "அப்போ எங்க முனி எங்க சார் போனாரு?" என்று கேட்டார். அந்த ஆடியில் சேவலும் இல்லை, விளக்கும் இல்லை.

பிறகு மனை போட வந்தவர்கள் கல்லை லாரியில் ஏற்றினார்கள். முனி என்றால் ஒருவனும் தொட்டிருக்க மாட்டான். ஏகாம்பரம் வீடுவீடாக ஓடினார், நானும் ஓடினேன். கன்னியம்மா வாசலைவிட்டு இறங்கவில்லை. "இன்னா சார், நீதான சொன்ன, அது எங்க முனி இல்லன்னு? கோவமே வராத சாமிய தூக்கினு போனா யாருக்கு இன்னா?"

கல் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. உண்மையைச் சொன்ன மனிதனுக்கு இந்தக் கதியா? அதன்பின் ஞாயிறுதோறும் ஏரிக்கரையில் கல் இருந்த இடத்தில் நின்று, "முனிதான் புத்தர், புத்தர்தான் முனி" என்று போவோர் வருவோரிடம் கெஞ்சினார். யாரும் நிற்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மீசைய வுட்டு வச்சிருக்கலாம்யா" என்றார்.

காரியம் முடிந்து மேடவாக்கம் போனேன். கல் இருந்த இடத்தில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர், அதன் ஓரத்தில் செருப்புகள்.

"யாரைப் பாக்கணும் சார்?" என்றார் அந்த வீட்டு அம்மா.

"இங்க ஒரு முனி உக்காந்திருந்தாரும்மா. புத்தர்னும் சொல்வாங்க."

"கோவக்காரரா?"

"ஆமாம்மா. பெரிய மீசை."

அவர் செருப்புகளை எடுத்து உள்ளே வைத்தார்.

ஏகாம்பரத்தை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கதை ஒன்றுதான். சொல்லிக்கொண்டே இருப்பேன், மீசையோடு.