சொன்னதை எல்லாம் செய்தவள்

அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்தவர் கம்பளக் கடைக்காரர். கேலியாகத்தான் வைத்தார். அவளும் இரண்டு மூன்று முறை முகத்தைச் சுளித்துக் காட்டினாள். நாள் போகப் போக, யாராவது மறந்துபோய் வேறு மாதிரி கூப்பிட்டால்தான் அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது.

வாரம் முழுக்க அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. லென்ஸின் விளிம்பைத் தேய்த்து, ஃபிரேமுக்குள் உட்கார வைத்து, ஆடுகிறதா என்று பார்த்து, மறுபடியும் தேய்க்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் அவள் ஜட்ஜம்மா. கம்பளக் கடைக்குப் பின்னால் ஒரு கிடங்கு உண்டு. சுவர் தெரியாமல் சுருட்டி நிறுத்திய கம்பளங்கள். எதிரொலி என்பதே அங்கே கிடையாது. குளியலறையில் பாடும்போது வருகிற இலவச இனிமை எல்லாம் அந்த வாசலோடு சரி. சொந்தமாகப் பாட்டுக் கட்டி, வீட்டிலேயே பதிவு செய்கிற ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவார்கள். கீழே கிடக்கும் கம்பளச் சுருள்கள்மேல் உட்கார்ந்து, ஒருவர் கொண்டுவந்ததை மற்றவர்கள் கேட்டுக் கருத்துச் சொல்வார்கள். சொல்லி முடிகிறவரை பாட்டுக்குச் சொந்தக்காரர் வாயைத் திறக்கக் கூடாது. முடிந்த பிறகு சண்டை போடலாம்; போடுவார்கள்.

ஜட்ஜம்மாவின் முறை கடைசியில் வரும். அவள் எடுத்ததுமே குறை சொல்ல மாட்டாள். முதலில் எது பிடித்தது என்பாள், அதுவும் இன்ன இடத்தில் இன்ன காரணத்துக்காக என்று. அப்புறம் குறை, குறையோடு சேர்த்தே அதைச் சரிசெய்யும் வழி. கேட்டவர் முகம் வாடாது, ஆனால் அன்று ராத்திரி தூக்கமும் வராது. கீபோர்டு வாசிக்கும் பஸ் டிரைவர் ஒருமுறை, "நீங்க அடிக்கிறதே தெரியல, வீட்டுக்குப் போய்ப் பாத்தாதான் வீங்கியிருக்கு" என்றார்.

அதில் ஒரு தொழில் ரகசியமும் இருந்தது. பத்து திருத்தம் சொன்னால் இரண்டைத்தான் ஏற்றுக்கொள்வார்கள். மீதி எட்டுக்கும், "உங்களுக்குப் புரியல" என்று மல்லுக்கு நிற்பார்கள். ஆகவே இரண்டு வேண்டுமென்றால் பத்து சொல்ல வேண்டும். சந்தையில் விலை சொல்வது மாதிரி. சொல்கிறவளுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும்.

அவளுடைய சொந்தப் பாட்டுகளைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். கம்ப்யூட்டரில் 'இறுதி', 'இறுதி புதியது', 'உண்மையான இறுதி' என்று வரிசையாகக் கிடந்தன. எதுவும் கிடங்கு வரை வந்ததில்லை. இந்த முறை மட்டும் ஒன்றை எப்படியும் முடித்துவிடுவது என்று இருந்தாள். ஒரு சின்ன வானொலி நிலையம் இந்தக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு பாட்டைக் கேட்டிருந்தது. எதை அனுப்புவது என்பது கடைக்காரர் பொறுப்பு. தன்னுடையதுதான் போகும் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள் துணி எடுத்துத் தைக்கக்கூடக் கொடுத்தாயிற்று.

அப்படிப்பட்ட சனிக்கிழமையில்தான் நாத்தனார் வந்து நின்றாள்.

நாத்தனாருக்குப் பாட்டும் தெரியாது, வாத்தியமும் தெரியாது. மிருக ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, நாய்களுக்கும் பூனைகளுக்கும் டோக்கன் கொடுக்கிறவள். வீட்டில் யாராவது சீரியஸாகப் பேசும்போது சிரித்துவிடுவாள், அதற்காகவே எல்லாருக்கும் செல்லம். ஜட்ஜம்மாவைக் கண்டால் மட்டும் கொஞ்சம் அடக்கம். கம்பளச் சுருளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, போனை நீட்டினாள். ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமில், நாய்த்தீனி மூட்டைகளுக்கு நடுவில் நின்று பாடியதாம்.

"அண்ணி, சிரிக்கக் கூடாது."

ஜட்ஜம்மா சிரிக்கத் தயாராகத்தான் இருந்தாள். பாட்டு விடவில்லை.

நாயைக் கொண்டுவந்த ஒரு கிழவர் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான் பாட்டு. சுவர்க் கடிகாரம், தரையில் நகம் கீறும் சத்தம், பக்கத்து நாற்காலிப் பூனை என்று ஒவ்வொன்றாக வருகிறது. கடைசியில், 'கதவு திறந்தது, பேரைக் கூப்பிடல' என்று ஒரு வரி. அதற்கப்புறம் வரவேண்டிய இடத்தில் அவள் வரவில்லை. தாளம் அவளை விட்டுவிட்டுப் போகிறது. ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கிறது, நெஞ்சிலிருந்து, அசிங்கமாக. அப்புறம்தான், தாமதமாக, 'கயிறு மட்டும் வீடு போகுது.'

பஸ் டிரைவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கடைக்காரர் போனை நிறுத்த மறந்து, அது தானாக வேறெதையோ பாட ஆரம்பித்தது. ஜட்ஜம்மாவுக்கு அடிவயிற்றில் யாரோ அடுப்பு மூட்டிய மாதிரி இருந்தது. அந்த மூச்சுக்கு எத்தனை பாட்டு வகுப்பு போனாள் இவள்? எந்த வாத்தியாரிடம் உட்கார்ந்தாள்? நாய்த்தீனி மூட்டையிடமா?

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். வீட்டில் நிதானமாகக் கேட்டு எழுதி அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லி, பாட்டைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டாள்.

கேட்கவும் செய்தாள். கம்ப்யூட்டரில் ஏற்றி நல்ல ஹெட்ஃபோனில், சமையலறையில் போனை டம்ளருக்குள் போட்டு, கடைசியில் கணவனின் காரில். எதிலாவது ஒன்றில் பாட்டு பல்லை இளிக்கும் என்ற நம்பிக்கை. காரில் கணவன் ஓட்டிக்கொண்டே, "நம்ம பாப்பாவா பாடுறா?" என்றான். வீடு வந்தும் இறங்கவில்லை. சாவியில் கையை வைத்தபடி முடிகிறவரை இருந்தான். அவளுடைய பாட்டுகளை அவனுக்குப் போட்டுக் காட்டியபோதெல்லாம் அவன் கேட்டது ஒரே கேள்விதான்: "முடிஞ்சிதா, இன்னும் இருக்கா?"

மறுநாள் உட்கார்ந்து எழுதினாள். வழக்கம்போல முதலில் பாராட்டு. அப்புறம் திருத்தங்கள். ஆரம்பம் நீளம், பாதியாக வெட்டு. கடைசி வரிக்கு முன்னால் தாளம் தவறுகிறது, நேராக்கு. மூச்சுச் சத்தம் பதிவில் விழக்கூடாது, எடுத்துவிடு. குரல் இரண்டு இடத்தில் சுருதி இறங்குகிறது, ஏற்று. பின்னணியில் நாய் குரைப்பது கேட்கிறது, அமைதியான இடத்தில் மறுபடி பாடு. இப்படியே போயிற்று. பொய் ஒன்றுகூடக் கிடையாது. எந்தப் பெரிய ஸ்டூடியோக்காரன் கையில் கொடுத்தாலும் இதையேதான் சொல்லுவான். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது அவளுக்கே தன்மேல் மரியாதை வந்தது. அனுப்பினாள். இனி நாத்தனார் சண்டைக்கு வருவாள், ரெண்டை ஏற்பாள், மீதியை விடுவாள். அதற்குள் வயிற்றெரிச்சலும் அடங்கிவிடும்.

நாத்தனார் சண்டைக்கு வரவில்லை. 'ரொம்ப நன்றி அண்ணி' என்று மட்டும் பதில் போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை புதிய பதிவு ஒலித்தது. ஆரம்பம் பாதியாகியிருந்தது. தாளம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. மூச்சு இல்லை, நாய் இல்லை, சுருதி அச்சாக நின்றது. 'கதவு திறந்தது' வந்த கையோடு 'கயிறு மட்டும்' வந்தது, நிலையத்துக்குச் சரியான நேரத்தில் வந்து சேர்ந்த ரயில் மாதிரி. கிழவரைக் காணோம். பாட்டு முடிந்தது யாருக்கும் உறைக்காமல், கொஞ்சம் தாமதமாகக் கைதட்டினார்கள்.

"நீட்டா இருக்கு" என்றார் பஸ் டிரைவர். அவர் யாரையும் அவ்வளவு மரியாதையாகத் திட்டி ஜட்ஜம்மா கேட்டதில்லை.

நாத்தனார் முகத்தில் பெருமை வழிந்தது. "அண்ணி சொன்னதுல ஒண்ணக்கூட விடல. எல்லாத்தையும் செஞ்சிட்டேன்."

எல்லாத்தையும். இத்தனை காலத்தில் எந்தப் பாட்டுக்காரனும் செய்யாத காரியம். சொன்ன விலையை அப்படியே எடுத்து நீட்டுகிற ஆளைக் கண்ட வியாபாரி மாதிரி ஜட்ஜம்மா திகைத்தாள். அதே நேரத்தில், மறைத்து என்ன, நெஞ்சில் ஒரு குளிர்ச்சியும் பரவியது.

கடைக்காரர் பழைய பதிவு இருக்கிறதா என்று மெல்லக் கேட்டார். போனில் இடம் இல்லாமல் அழித்துவிட்டதாக நாத்தனார் சொன்னாள்; ஆஸ்பத்திரி எக்ஸ்ரே படங்களே இடத்தை அடைத்துக்கொண்டிருந்தனவாம். பழையதை மற்றவர்கள் யாரும் வாங்கி வைக்கவில்லை; ஜட்ஜம்மா வாங்கியதும் திருத்தம் எழுதிய கையோடு போயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். கடைக்காரர் கம்பளத்தின் குஞ்சத்தைச் சற்று நேரம் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் ஜட்ஜம்மாவிடம், உங்களுடையது தயாரென்றால் திங்கட்கிழமைக்குள் கொடுங்கள், வானொலிக்கு அதையே அனுப்பிவிடுகிறேன் என்றார்.

நாத்தனார்தான் முதலில் கைதட்டினாள். நிஜமாக, கை சிவக்க.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜட்ஜம்மா தன் பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழிந்துபோனதாக எல்லாரும் நினைத்த அந்தப் பழைய பதிவு, அவள் கம்ப்யூட்டரில் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. இருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதை அழிக்க வேண்டியதுகூட இல்லை. சும்மா இருந்தால் போதும்.

முதலில் அவள் செய்த காரியத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. தன் பாட்டின் கடைசி வரியையும் தள்ளி வைத்துப் பார்த்தாள். முன்னால் ஒரு மூச்சை இழுத்துப் பதிவு செய்து செருகினாள். கேட்டால், மாடிப்படி ஏறி வந்தவள் பாட மறந்த மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். இப்போது கம்ப்யூட்டர் கெட்டுப்போன மாதிரி இருந்தது. அதை எடுத்துவிட்டு நாத்தனாரின் பழைய பதிவைப் போட்டாள். மூச்சை எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் போட்டாள். அந்த மூச்சு வந்தது. பாடம் தெரிந்த காது அளந்துகொண்டே இருக்க, கை மறுபடியும் அதையே முதலிலிருந்து போட்டது. பொறாமையிலா, கிழவருக்காகவா என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

அப்போதுதான் நாத்தனார் போன் செய்தாள். அண்ணி பாட்டு ரேடியோவில் வரப்போகிறது என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிவிட்டாளாம். டாக்டர்கூடக் கேட்கிறேன் என்றாராம். ஜட்ஜம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தோற்றவள் இப்படி ஊரைக் கூட்டிக் கொண்டாடினால் ஜெயித்தவள் எந்தப் பக்கம் போய் உட்காருவது?

"உன் பழசு என்கிட்ட இருக்கு" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது. "எது? கேவலமா மூச்சு வாங்குமே, அதுவா?"

"அதுதான். அதையே ரேடியோவுக்கு அனுப்பு."

"அண்ணி, நீங்கதானே..."

"நான்தான். நான் சொன்னது எல்லாம் சரி. ஆனா உன் பாட்டுக்கு இல்ல."

நாத்தனார் குரலில் சிரிப்பு இல்லை. "அப்ப ஏன் எழுதினீங்க?"

உண்மை வாய் வரைக்கும் வந்தது. ஜட்ஜம்மா அதை விழுங்கினாள். "எல்லாரும் சண்டை போடுவாங்கடி. நீ ஏன் போடல?"

"உங்ககிட்ட எப்படி அண்ணி சண்டை போடுறது?"

ஜட்ஜம்மா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். பதிவை அவள் போனுக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் விட மனம் வரவில்லை. இரண்டாவது சரணத்தில் 'நாற்காலி' என்ற சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது, அதை மட்டும் மறுபடி பாடி ஒட்டிவிடலாம் என்றாள். இது நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், சத்தியமாக.

நாத்தனார் யோசித்தாள். "வேணாம் அண்ணி. அது அப்படியே இருக்கட்டும்."

ஜட்ஜம்மாவுக்குச் சுருக்கென்றது. நேற்றுவரை வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள்.

"சரி" என்றாள்.

"உங்க பாட்டையும் எனக்கு அனுப்புங்களேன். கேட்டுட்டுச் சொல்றேன்."

"அது இன்னும் முடியல" என்று சொல்லி, ஜட்ஜம்மா அவசரமாகப் போனை வைத்தாள். கூடத்தில் கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய் நின்று, உன் தங்கை என் பாட்டைக் கேட்டுக் கருத்துச் சொல்லப் போகிறாளாம் என்றாள்.

"நல்லதுதானே" என்றான் அவன்.

அன்று சாயங்காலம் வரை அவள் அவனோடு பேசவில்லை.