ஒன்றரை மணி நேர லோடு

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. யார் கேட்டாலும் இதைச் சொல்வேன். ஆனால் நம்பிக்கை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்த நேரத்தில் போய் ஒரு காரியத்தைத் தொடங்கி, வீண் வம்பை விலைக்கு வாங்குவானேன் என்பதும் என் கட்சிதான். அப்பாவுக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வைத்த கடை. புதுச் சரக்குக் கட்டைப் பிரிப்பதானாலும் புது ஆளைச் சேர்ப்பதானாலும் கல்லாவுக்கு மேலே தொங்கும் தினசரி காலண்டரை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்காமல் அங்கே எதுவும் நடக்காது. நான் கம்ப்யூட்டர் படித்து, அடையாறில் குடியேறி, வெளிநாட்டுக் கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். அந்த நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் மட்டும் கழுத்தை விட்டுப் போகவில்லை.

எங்கள் குழுவில் ஐந்து பேர், நான்கு ஊர். ஹாம்பர்க்கில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர், ஒசாகாவில் ஒரு அம்மணி, மணிலாவில் ஒரு பெண், சென்னையில் நானும் ஒரு டெஸ்டரும். கப்பலில் போகும் கன்டெய்னர் பெட்டிகள் இப்போது எந்தத் துறைமுகத்தில் இருக்கின்றன என்று காட்டும் மென்பொருள் எங்களுடையது. மற்ற மூன்று பேரும் எழுதும் புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் பிடித்து, வாரா வாரம் புதிய பதிப்பை வெளியிடுவது சென்னையின் வேலை. அதற்கு ரிலீஸ் என்று பெயர். ரிலீஸுக்கு எங்கள் டெஸ்டர்தான் எல்லாம். நொச்சிக்குப்பத்துப் பையன் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், முப்பது வயது ஆள். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார். மைக்கைத் திறந்தால் போதும், பின்னால் வஞ்சிரத்துக்கு விலை பேசும் சத்தம் கேட்கும். அவர் அவசரமாக மைக்கை மூடினால் ஒசாகா அம்மணி, இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள், கேட்க நன்றாக இருக்கிறது என்பார்.

முந்தைய தலைவர் வேறு வேலைக்குப் போனதும் என்னைத் தலைவியாக்கினார்கள். முதல் மாதம் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒசாகா அம்மணியிடம் எதைக் கேட்டாலும் பத்து விநாடி மௌனம். நமக்கு அது தாங்குமா? நானே கேள்வி கேட்டு, நானே பதிலும் சொல்லி, நன்றியும் சொல்லி முடித்துவிடுவேன். அப்புறம்தான் அவர் பேச வாயெடுப்பார். மணிலாப் பெண் கெட்ட சேதியைச் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அவள் அதிகமாகச் சிரிக்கும் நாளில் நான் உடனே பிழைப் பட்டியலைத் திறந்து பார்ப்பேன். ஹாம்பர்க்காரர் நேர் எதிர். "இது தவறு" என்பார். அவ்வளவுதான், முன்னால் ஒரு சர்க்கரை, பின்னால் ஒரு சமாதானம் எதுவும் கிடையாது. முதல் தடவை இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கேமராவை அணைத்துக் கோபத்தைக் காட்டினேன். அவருக்கு அது தெரியவே இல்லை, இணையம் சரியில்லையா என்று விசாரித்தார்.

நான்கு ஊரும் விழித்திருந்து ஒழுங்காக வேலை செய்யும் நேரம் என்று பார்த்தால் நம் பகல் பன்னிரண்டையொட்டித்தான் வரும். அப்போது ஹாம்பர்க்கில் காலை, ஒசாகாவில் சாயங்காலம். அதனால் புதன்கிழமை பன்னிரண்டரைக்கு ரிலீஸ் வைத்துக்கொள்ளலாம் என்றார் ஹாம்பர்க்காரர். புதன்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை என்ன நேரம் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு மணிக்கு வைக்கலாமே என்றேன். ஏன் என்றார். என்னத்தைச் சொல்வது? வானத்தில் ஒரு பாம்பு இருக்கிறது, அதற்கு அந்த நேரம் ஒதுக்கியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாலும் மானம் போகும். "அந்த நேரத்தில் இங்கே சர்வரில் லோடு அதிகம்" என்றேன். இயந்திரத்துக்கு அப்போது வேலைப்பளு கூடுதல் என்று அர்த்தம், வாயில் வந்த பொய். அவர் தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார்.

ஒரு வாரம் ரிலீஸ் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. பத்தரை மணி என்றார்கள். லோடு என்றேன். இன்னொரு வாரம் செவ்வாய்க்கிழமை மூன்று மணி. அதற்கும் லோடு. ஹாம்பர்க்காரர் மறுபடியும் கேட்டார், நிஜமாகவே லோடுதானா என்று. ஆமாம் என்றேன். அடுத்த வாரம் மூன்றாவது தடவையும் கேட்டார். மூன்றாவது தடவையும் ஆமாம் என்றேன். முழுப் பூசணிக்காய், தட்டு நிறையச் சோறு, சுகமாக மறைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் ஊர் ஆளாக இருந்தால் இரண்டாவது தடவையே புரிந்துகொண்டு, மூன்றாவது தடவை அவரே நல்ல நேரம் பார்த்துச் சொல்லியிருப்பார். ஹாம்பர்க்காரர் என் வார்த்தையை நம்பினார். நம்பியதால் தேடினார். மூன்று வாரம் ராப்பகலாக எங்கள் சர்வர்களைக் குடைந்து ஒரு வரைபடம் போட்டு எனக்கு அனுப்பினார். கிழமைக்கு ஒன்றாக ஏழு சிவப்புக் கட்டம். ஒவ்வொன்றும் கச்சிதமாக ஒன்றரை மணி நேரம். நான் ரிலீஸ்களைத் தள்ளிய நேரங்களையும் மீட்டிங்குகளை நகர்த்திய நேரங்களையும் சேர்த்து வைத்து அவரே கண்டுபிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசர வேலையை நான் தள்ளியதைக்கூட விடவில்லை. இந்த லோடு ஒரு நாள் போல் இன்னொரு நாள் வருவதில்லை, ஆனால் வாரத்துக்கு வாரம் மாறுவதுமில்லை, இவ்வளவு ஒழுக்கமான கோளாறை முப்பது வருஷ சர்வீஸில் பார்த்ததில்லை என்று கீழே எழுதியிருந்தார். அப்பா கடைக் காலண்டரின் கட்டத்தைப் பெரிதாக்கி அனுப்பியது மாதிரி இருந்தது. சிரித்தேன். சிரித்த வாயோடு டெஸ்டருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அவரு இல்லாத லோட தேடிக்கினு கீறாரு. பாவம்க்கா" என்றார். அவர் சிரிக்கவில்லை. எனக்கு உறைத்தது. உறைத்ததோடு சரி, திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். திங்கள் போய்ச் செவ்வாய், செவ்வாய் போய்ப் புதன் என்று நாளைக் கடத்தினேன்.

வியாழக்கிழமை பகல் ஒன்றே முக்காலுக்கு ஹாம்பர்க்காரர் அழைத்தார். குரலில் சந்தோஷம். ஒரு முடிவுக்கு வந்துவிட்டாராம். சென்னை இயந்திரங்களுக்குள் யாருக்கும் தெரியாத ஏதோ ஒன்று ஓடுகிறது, அது சரியாகும் வரை ரிலீஸ் வேலையை வேறு ஊருக்கு மாற்றிவிடலாம் என்று மேலிடத்தில் சொல்லப்போகிறார். இரண்டரைக்குக் கூட்டம். எனக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்றுதான் செய்கிறாராம்.

ரிலீஸ் போனால் நான் இன்னொரு வேலைக்கு மாறிக்கொள்வேன். டெஸ்டருக்கு அந்த வேலைதான் வேலை. அடுத்த மாதம் அவருக்குச் சர்ச்சில் கல்யாணம். அழைப்பிதழ் என் மேஜை மேல்தான் இருந்தது. நான் வாய்க்கு வந்தபடி சொன்ன ஒரு வார்த்தைக்கு அவர் வேலை போவதா?

டெஸ்டருக்கே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ, உண்மையைச் சொல்லிவிட்டால் ஹாம்பர்க்காரர் கேட்டுக்கொள்வார் என்றார். சரி, சொல்லிவிடலாம் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று ஐம்பத்தைந்து. வியாழக்கிழமை ஒன்றரை முதல் மூன்று வரை. கூட்டத்துக்கு முன் சொல்வதானால் அந்த நேரத்துக்குள்தான் சொல்லியாக வேண்டும். என் தயக்கம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, எங்கப்பா காத்தப் பாத்துதான் கடலுக்குப் போவாரு, கடியாரத்தப் பாத்து இல்ல. இன்னா ஆவுதோ ஆவட்டும், சொல்லிடுங்க."

சொன்னேன். ஹாம்பர்க்காரரை அழைத்ததுதான் என் வாழ்நாளில் தெரிந்தே ராகு காலத்தில் தொடங்கிய முதல் காரியம். பாம்பு, கிரகம், காலண்டர், அப்பா, ஜவுளிக்கடை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கூச்சத்தில் காது சுட்டது.

"மூன்று முறை கேட்டேன்" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

"எந்த நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், எனக்கு அதில் ஒன்றுமில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் தேடியிருக்க மாட்டேன். லோடு என்று சொன்னால் தேடத்தானே வேண்டும்?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். வருத்தமாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். கூட்டத்துக்கு முன் வரைபடத்தை எடுத்துவிட இருபது நிமிடம் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

மேலிடத்தில் அவர் எதையும் மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னாராம், என் பெயரோடு. அவர்கள் சிரித்தார்களாம். ஆனால் அத்தோடு விடவில்லை. வரும் புதன்கிழமை சரியாகப் பன்னிரண்டரைக்குச் சென்னை ரிலீஸ் செய்து காட்ட வேண்டும், நடந்தால் வேலை அங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் மற்றவர்களுக்கும் சொன்னேன். மணிலாப் பெண் உண்மையாகவே சிரித்தாள். ஒசாகா அம்மணி வழக்கமான பத்து விநாடி எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவர் அம்மா வீட்டிலும் நல்ல நாள் கெட்ட நாள் போட்ட காலண்டர் ஒன்று தொங்குமாம். அவருக்கு முதல் மாதமே சந்தேகமாம். கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்குமே என்று கேட்கவில்லையாம். அட மகராசி, கேட்டிருந்தால் பிழைத்திருப்பேனே என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் அப்பாவிடம் உளறிவிட்டேன். "ஏட்டி, பன்னெண்டுக்கு முன்னாடியே தொட்டு வச்சிரு. பெறவு எப்ப முடிஞ்சாலும் குத்தமில்ல" என்றார். பதினொன்று ஐம்பதுக்கு ஒரு வரி டைப் செய்து சேமித்து வைத்தேன். ஆனால் இந்தத் தடவை மறைக்கவில்லை. பன்னிரண்டரைக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்ததும், நான் நல்ல நேரத்திலேயே தொடங்கிவிட்டேன், யாரும் திட்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஹாம்பர்க்காரர் அதையும் குறித்துக்கொண்டார். முகம் மட்டும் ஒரு மாதிரி இறுகியிருந்தது. காப்பி குடிக்காமல் வந்திருப்பார் என்று நினைத்தேன்.

ரிலீஸ் ஆயிற்று. ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை, பத்து நிமிடம் ஒன்றுமில்லை. நான் மூச்சுவிடத் தொடங்கியபோது டெஸ்டர் மைக்கைத் திறந்தார். ஆங்கிலம் மறந்துபோய்த் தமிழிலேயே சொன்னார்.

"அக்கா, பெட்டி எல்லாம் நடுக்கடல்ல கீது."

பார்த்தேன். ஒசாகாத் துறைமுகத்தில் இருக்க வேண்டிய பெட்டிகள் எல்லாம் வரைபடத்தில் தண்ணீருக்கு நடுவே நின்றன. திரையில் எல்லோரும் என்னையே பார்ப்பது போல் இருந்தது. எனக்கு அழைப்பிதழ்தான் கண்ணில் பட்டது. நம்பிக்கை இல்லாதவள் அந்த நிமிடத்தில் நவகிரகம் ஒன்பதையும் கூப்பிட்டேன்.

"இது என்னுடையது" என்றார் ஹாம்பர்க்காரர். உடனே சொன்னார், ஒரு விநாடி தாமதிக்கவில்லை. அவர் எழுதிய பகுதியில் பிழை. அவர் திருத்த, மணிலாப் பெண் சரிபார்க்க, டெஸ்டர் மறுபடி வெளியிட்டார். ஒன்று பத்துக்குப் பெட்டிகள் கரை சேர்ந்தன. ஹாம்பர்க்காரர் அப்போதே மேலிடத்துக்குக் கடிதம் எழுதி எனக்கும் ஒரு நகல் அனுப்பினார். பிழை தன்னுடையது, காலையிலேயே அதைப் பற்றித் தன் கணினியில் ஓர் எச்சரிக்கை வந்தது, பார்த்தும் யாரிடமும் சொல்லவில்லை, சென்னையில் அதைச் சில நிமிடங்களில் பிடித்துவிட்டார்கள் என்று நான்கே வரி. சாயங்காலத்துக்குள் பதில் வந்தது. ரிலீஸ் சென்னையிலேயே இருக்கட்டும் என்றார்கள். டெஸ்டர் போன் செய்து, கல்யாணத்துக்கு நேரம் பார்க்காமல் வந்து சேரச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கலங்கியதை அவரிடமும் சொன்னேன்.

அந்த "பார்த்தும் சொல்லவில்லை" மட்டும் எனக்கு ஒட்டவில்லை. எங்கள் குழுவிலேயே எதையும் முகத்துக்கு நேரே சொல்லும் ஒரே ஆள் அவர். அழைத்தேன். காலையிலேயே தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னால் தள்ளிவைப்பீர்கள். தள்ளிவைத்தால் அந்த இளைஞரின் வேலை போய்விடும். பயந்துவிட்டேன்" என்றார். பிறகு, "அவர் வேலையும் போகாமல் தள்ளிவைக்க ஒரு சாக்கு வேண்டுமே. உங்களுக்குக் கிடைத்த மாதிரி ஒரு லோடு எனக்குக் கிடைக்கவில்லை" என்றார்.

"கிடைத்திருந்தால் நான் தேடியே இருக்க மாட்டேன், அப்படியே நம்பியிருப்பேன்" என்றேன்.