கால் பார்த்துக் கேப்டன் எடுத்தவர்கள்

எங்கள் தோல் பதனிடும் ஷாப்பின் கால்பந்து டீமுக்குக் கேப்டன் தேடியபோது, நான் அந்த ஷாப்பின் சோதனைக் கூடத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. என் அண்ணன் அதே ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தான். தோலிலிருந்து மயிரைக் கழற்றும் சுண்ணாம்பு மனிதக் காலை மட்டும் விட்டுவைக்குமா? அவன் முழங்காலுக்குக் கீழே புண் ஆறி வடு, வடுவின் மேல் புதுப் புண்.

அவன் எப்போதும் தொட்டியில் இருந்தவன் அல்ல. டீமில் ஆடுகிறவர்களுக்குப் பேக்கிங், எடை போடுவது என்று ஈரம் படாத வேலை கொடுப்பது எங்கள் ஊர் ஷாப்புகளில் வழக்கம். வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு ஆடுவதற்கென்றே மாதச் சம்பளமும் உண்டு. இரண்டு ஷாப்புகள் சேர்ந்து எங்கள் டீமை நடத்தின. வெளிநாட்டு ஆர்டர் குறைந்ததும் ஒரு ஷாப் விலகிக்கொண்டது. வெளியூர்க்காரர்கள் போய்விட்டார்கள். கேப்டனும் வேறு டீமுக்குப் போனார். உள்ளூர்க்காரர்களைப் பழைய வேலைக்கே அனுப்பினார்கள். அண்ணன் மறுபடி தொட்டியில் இறங்கினான். மேலே வர ஒரே வழிதான் இருந்தது. கேப்டனாக இருப்பவருக்கு, காய்ந்த தோலுக்கு மெருகேற்றும் ஃபினிஷிங் ஷெட்டில் மேஸ்திரி வேலை, நிரந்தரமாக.

ஆள் எடுக்கக் கமிட்டி கூடியது. முதலாளி, அவருடைய பங்காளி, மண்டியில் தோல் ரகம் பிரிக்கும் பெரியவர் ஆக மூன்று பேர். என் கையெழுத்து திருத்தமாக இருக்கும் என்பதால் நடந்ததை எழுத என்னைக் கூப்பிட்டார்கள். நான் அண்ணனுக்காக ஐந்து காரணங்களை வரிசை போட்டு எழுதிக்கொண்டு போயிருந்தேன். கேப்டன் இல்லாத மாதங்களில் பயிற்சி கொடுத்தவன் அவன். கோல் கீப்பர் கோபித்துக்கொண்டு போனபோது வீட்டுக்குப் போய் அழைத்து வந்தவன் அவன். மற்ற மூன்றும் இதே மாதிரிதான், ஒன்றும் பொய்யில்லை.

எதிரே இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் அண்ணன். மற்றவர் மெட்ராஸிலிருந்து வரவழைத்த ஆட்டக்காரர். ரகம் பிரிக்கும் பெரியவர் இருவரையும் பேண்டைச் சுருட்டச் சொன்னார். பிறகு குந்தி உட்கார்ந்து அண்ணனின் கெண்டைக்காலில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினார். மண்டியில் ஆட்டுத்தோலை அப்படித்தான் பார்ப்பார்கள்.

"இன்னாப்பா இது, இவ்ளோ ஓட்டை? மண்டிக்கு வந்திருந்தா ரிஜெக்ஷன்ல தள்ளியிருப்பேன்."

"தோல் வாங்குறீங்களா பாய், ஆள் எடுக்குறீங்களா?" என்றான் அண்ணன், சிரித்துக்கொண்டே.

"வாய் மட்டும் ஃபர்ஸ்ட் ரகம்!"

அறை முழுக்கச் சிரிப்பு. மெட்ராஸ்காரரின் காலில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. "இதாங்க ஃபர்ஸ்ட்" என்றார் பெரியவர். விளையாட்டுக்குச் செய்கிறார்கள் என்றே நினைத்தேன். இல்லை. அதற்குப் பிறகு யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நாற்பது வருஷம் தோலைத் தடவிப் பார்த்தே வாழ்ந்தவர்கள். விரல் சொன்னால் முடிந்தது.

நான் காகிதத்தை எடுத்து, "முதலாளி, இதையும் ஒரு தடவை..." என்று ஆரம்பித்தேன்.

"நீ எழுதும்மா. பேசாத" என்றார் முதலாளி.

எழுதினேன். பேனா நிப்பு காகிதத்தைக் கிழித்தது.

மெட்ராஸ்காரருக்கு முன்பணம், ரூம் வாடகை, இரண்டு வேளை சாப்பாடு. டீமில் காசில்லை என்றுதான் அண்ணனைத் தொட்டிக்கு அனுப்பினார்கள். இதற்கு மட்டும் எங்கிருந்தோ வந்தது. அவர் மூன்று மேட்ச் ஆடினார். பசங்களின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. "ஏய் நாலாம் நம்பர்" என்றுதான் கூப்பிடுவார். மூன்றிலும் தோற்றோம். இரண்டாம் மாதச் சம்பளம் வரவில்லை என்றதும் பெட்டியை எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சம்பளம் தராத இடத்தில் யார் இருப்பார்?

அதற்கடுத்த வாரம் தொட்டியில் சாம்பிள் எடுக்கப் போயிருந்தேன். அண்ணன் உள்ளே நின்று தோலைப் புரட்டிக்கொண்டிருந்தான். முதலாளி வந்தார். வேட்டியில் தெறிக்காத தூரத்தில் நின்றுகொண்டார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை மேட்ச்சுலேர்ந்து நீதான்பா கேப்டன்."

அண்ணன் தோலை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "மேஸ்திரி வேலைங்க?"

"டீமே பேஜார்ல கெடக்குது. அதெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இப்போதைக்குக் கேப்டன்னு பேரு இருக்கட்டும்."

"வேணாம்னு சொல்லுண்ணா" என்றேன். முதலாளி முன்னால் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அண்ணன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "சரிங்க முதலாளி" என்றான்.

அவர் போன பிறகு கேட்டேன், "உனக்குப் புத்தி இருக்கா? ஏன் ஒத்துக்கினே?"

"நாளெல்லாம் இதுல நிக்கிறேன். கிரவுண்டுல ஒன்றரை மணி நேரம். அதையும் வுட்டுடுன்றியா?"

"மேஸ்திரி வேலை குடுத்தாத்தான் ஆடுவேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வேற ஒருத்தன் காலைத் தடவிப் பாப்பாங்க. போ, போய் வேலையப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை டீம் ஜெயித்தது. நான் போகவில்லை, பிறர் சொல்லித் தெரியும். முதலாளி மாலை போட்டு, "எங்க ஷாப்பு தொழிலாளி" என்று பேசினாராம். போட்டோ எடுக்கும்போது கேப்டனை நடுவில் உட்காரவைத்து, புண் தெரியாமல் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிடச் சொன்னாராம் ரகம் பிரிக்கும் பெரியவர். ரிஜெக்ஷன் கால் போட்டோவில் விழக்கூடாதாம்.

அண்ணன் வீட்டுக்கு வந்தபோது காலுறை புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தேன். அண்ணன் இரண்டாவது கோல் எப்படி விழுந்தது என்று கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். இடையில் பல்லைக் கடிப்பான், மறுபடி சொல்வான். எனக்கு அவனையும் அடிக்க வேண்டும்போல இருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் தொட்டியில் இறங்க வேண்டும்.