பன்னிரண்டு சட்டை, இருநூறு சட்டை

எங்கள் தெருவில் அவளை எல்லோரும் மை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சட்டை, பனியன், துணிப்பை என்று எதிலும் அச்சடித்துத் தருகிற கடை அவளுடையது. என் தையல் கடைக்கு அடுத்த கதவு. இருபத்தாறு வருடம் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்ததில், எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, பத்து வயது இளைய தம்பி, அவ்வளவுதான் குடும்பம். மூவரும் கடைக்கு மேலேயே குடியிருந்தார்கள்.

கடையில் பின்னறை அக்காவுக்கு. சட்டத்தில் வலைத்துணியை இழுத்துக் கட்டி, மருந்து பூசி, வெளிச்சம் காட்டிக் கழுவினால் உருவம் இருக்கிற இடம் மட்டும் திறந்துகொள்ளும். அதன் வழியாக மையை ரப்பர் கட்டையால் இழுக்க வேண்டும். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். முன்னறையில் தம்பியின் டிஜிட்டல் மெஷின். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் எத்தனை நிறமானாலும் ஒரே ஓட்டத்தில் துணியில் இறங்கிவிடும்.

இரண்டு பேரும் நாள் முழுக்க வாய்ச்சண்டை போடுவார்கள்.

"நீ ஒரு மூஞ்சிய அடிச்சா உருளைக்கிழங்கு மாதிரி இருக்குக்கா."

"உன் மூஞ்சி நாலு தோய்ப்புல ஓடிப்போயிடுதேடா. ஐநூறு சட்டை கேட்டு வந்தா அப்ப தெரியும், யாரைத் தேடுவாங்கன்னு."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மெஷினில் நீல மை அடைத்துக்கொண்டது. "பார்ட் வாங்கிட்டு நாலு மணிக்குள்ள வந்துடறேன்க்கா" என்று கிளம்பினான். போனவன் போனவன்தான். சாயங்காலம் போன் அணைந்திருந்தது. பார்ட் கடைக்காரர் அப்படி யாரும் வரவில்லை என்றார். யாரோடும் பகை கிடையாது, வீட்டில் மனத்தாங்கலும் கிடையாது. போலீசில் எழுதி வாங்கிக்கொண்டு, "வந்துடுவாரும்மா" என்று அனுப்பிவைத்தார்கள்.

பத்து நாள் கழித்து அக்கா முதல்முறையாக டிஜிட்டல் மெஷினைத் தொட்டாள். டெக்னீஷியனைப் போனில் பிடித்து, அவர் சொல்லச் சொல்ல அடைப்பை எடுத்தாள். தம்பியின் போட்டோவைப் பன்னிரண்டு வெள்ளைச் சட்டைகளில் அடித்தாள். அச்சு அசலாக அவனே. இடது புருவத்தை வெட்டுகிற தழும்பு வரை தெரிந்தது. அப்பா, அக்கா, நான், தெருவில் இன்னும் சிலர் அதைப் போட்டுக்கொண்டு பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, சந்தை என்று அலையோ அலையென்று அலைந்தோம். ஜனங்கள் நின்று, உற்றுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள்.

வெயில், வியர்வை, தினசரித் தோய்ப்பு. சூடு காட்டிப் பதிய வைக்கிற பக்குவம் அவளுக்குப் பிடிபடவில்லையோ என்னவோ, மூன்றே மாதத்தில் முகம் வெளிறியது. முதலில் போனது அந்தத் தழும்புதான். மறுபடி அடிக்கப் பார்த்தாள். முகத்தின் குறுக்கே கோடு கோடாக விழுந்தது. டெக்னீஷியன் நேரில் வந்து பார்த்து, "மை தெளிக்கிற ஹெட் போயிடுச்சுங்க" என்றார்.

பிறகுதான் பின்னறைக்குப் போனாள். போட்டோவைக் கறுப்புப் புள்ளிகளாக மாற்றிப் பிலிம் எடுத்தாள். மெல்லிய வலையில் முகம் ஓரளவு வந்தது, ஆனால் பத்தாவது சட்டைக்குள் மை காய்ந்து வலைக்கண்ணை அடைத்தது. பெரிய எழுத்துக்கான வலைக்கு மாறினாள். புள்ளிகள் பெரிதாயின, தழும்பு மறைந்தது. தூரிகையால் பிலிமிலேயே தழும்பை வரைந்து பார்த்தாள். அச்சுப் பிசகு மாதிரி இருந்தது. விட்டுவிட்டாள். கீழே போன் நம்பர் போட்டு இருநூறு சட்டை. ஆட்டோக்காரர், லாரி டிரைவர், மூட்டை தூக்குகிறவர் என்று எல்லோருக்கும் கொடுத்தாள். கல்லில் அடித்துத் துவைத்தாலும் அசையாத மை.

அதன் பிறகு போன் ஓயவில்லை. ஒட்டிய கன்னமும் மீசையும் உள்ள எவனும் அந்தப் புள்ளிகளுக்குள் பொருந்திப்போனான். பதினோரு ஊருக்குப் போனாள். பதினோரு தடவையும் வேறு யாரோ.

கடைசித் தடவை அப்பாவும் நானும் கூடப் போனோம். ஆறு மணி நேரப் பயணம். ஒரு பஸ் நிலையத்துப் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தான் அந்த ஆள். பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது, இவன் இல்லை. அவனோ என் சட்டையில் இருந்த முகத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"இது நான்தானே?"

"உங்க வீடு எங்கே?" என்றாள் அக்கா.

"தெரியலை. இது நான்தானே?"

அப்பா அவன் தோளில் கை வைத்தார். "கூட்டிட்டுப் போயிடலாம்மா."

"அப்பா, இது நம்ம பிள்ளை இல்லைப்பா."

"தெரியும். எனக்குக் கண்ணுதான் மங்கல், புத்தி மங்கலை. இவனுக்கும் யாரும் இல்லை போலிருக்கு."

அக்கா குனிந்து அவன் இடது புருவத்தைப் பார்த்தாள். பிறகு, "வேண்டாம்ப்பா. இவனை வீட்ல வச்சா நாம தேடறதை விட்டுடுவோம்" என்றாள்.

அவனை ஒரு காப்பகத்தில் சேர்த்துவிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்று வாரம் கழித்து விசாரித்தபோது, அவன் சொல்லாமல் எங்கேயோ கிளம்பிப் போய்விட்டான் என்றார்கள். அன்றிலிருந்து அப்பா மகளிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இப்போது நாலாவது வருடம். போன மாதம் சந்தைக்குப் போயிருந்தோம். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் அந்தச் சட்டையைப் போட்டிருந்தார். காலர் நைந்துபோயிருந்தது, முகம் மட்டும் கன்னங்கரேலென்று அப்படியே இருந்தது.

"இது யாருங்க?" என்று அக்காவே கேட்டாள்.

அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். "யாரோ தலைவருங்க. செத்துட்டாரு போல. சும்மா குடுத்தாங்க."

அக்கா தலையாட்டினாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், கையைப் பிடித்து நிறுத்தினாள். வாங்க வந்த சாமானை வாங்காமலே திரும்பினோம். மறுநாள் ஒரு கம்பெனி யூனிபாரத்துக்கு எழுத்து அடிக்கிற வேலை இருந்தது. காலையிலிருந்து கட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். மேலே அப்பா இருமுவது கேட்டது. அவள் போய்ப் பார்க்கவில்லை.